பில் வராத மேசை

சாப்பிட்டு முடித்த பிறகு பில்லுக்காகக் காத்திருப்பது எனக்கு ஆகவே ஆகாது. பாலக்காட்டுச் சித்தூரில் நான் வழக்கமாகப் போகும் ஹோட்டலில், நான் மோருக்குக் கை நீட்டும்போதே பில்லைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். வைக்காவிட்டால் என்ன சத்தம் கேட்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தின்ற சோற்றுக்கு என் கையால் காசு கொடுக்காமல் இதுவரை எந்தக் கடைப் படியும் நான் இறங்கியதில்லை. கொடுக்காமல் எழுந்து போகவும் முடியாது, எவ்வளவு என்று சொல்லவும் மாட்டார்கள் என்றால் வயிறு நிறைந்த மனிதனை அவர்கள் கட்டிப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறையூரில் என்னை அப்படித்தான் கட்டிப் போட்டார்கள். ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று எனக்கு முழுதாக விளங்க அதற்கப்புறம் பல நாளாயிற்று.

என் பெயர் ஆறுமுகசாமி. நல்லேப்பிள்ளியில் ஏழு ஏக்கர் நெல், வரப்போரம் கொஞ்சம் தென்னை. மனைவி செல்லாத்தாள். ஒரே மகன் சிவப்பிரகாஷ், மின்சார வாரியத்தில் வேலை. நாலு வருடமாகச் சித்திரபுரத்தில் வாரியத்தின் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறான். மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துகொண்டிருந்தவன் போன ஆடியில் வரவில்லை. மாரியம்மன் நோன்புக்குக்கூட வரவில்லை. மழைக்கு லைன் எல்லாம் விழுந்து கிடக்கிறது, லீவு இல்லை என்று போனில் சொன்னான். குரலே எழும்பவில்லை. தூங்கி வழிந்துகொண்டு பேசுகிறான் என்று நினைத்து, "கரண்டாபீஸ்ல வேலை கெடச்சுட்டா ஊடு வாசல் எல்லாம் மறந்துருமாடா?" என்று திட்டிவிட்டு போனை வைத்தேன். அதன்பிறகு ஒரு மாதம் நான் அவனோடு பேசவே இல்லை.

மார்கழியில் அவன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். பெண்ணின் பெயர் டின்சி. அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா சுவக்கீன், அம்மா செபமாலையம்மாள், இரண்டு பேரும் டீ எஸ்டேட்டில் வேலை. லயத்து வீட்டில் குடியிருப்பு. வேதக்காரர்கள். கரண்டு வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் பழக்கமாம். "நீங்க வேண்டாம்னு சொன்னா கட்ட மாட்டனுங்கப்பா. ஆனா வேற யாரையும் கட்டச் சொல்லாதீங்க" என்றான். அது கெஞ்சலா மிரட்டலா என்று எனக்குப் பிடிபடவில்லை. மிரட்டலாக இருந்திருந்தால் இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன். கெஞ்சலாக இருந்திருந்தாலும் ஏதாவது செய்திருப்பேன். இரண்டும் இல்லாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு மாதம் வயலையும் வாசலையும் சுற்றி வந்தேன்.

எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இங்கே ஒளிக்கப் போவதில்லை. சாதி வேறு, சாமி வேறு. சொந்தபந்தம், ஒறம்பரைச் சனத்துக்கெல்லாம் என்ன பதில் சொல்வது என்று ராத்திரியெல்லாம் புரண்டேன். ஆனாலும் ஒருதரம் போய்ப் பார்க்கலாம் என்று செல்லாத்தாள் விடாப்பிடியாக நின்றாள். போய்ப் பார்ப்பது, "ஊருக்குப் போயி சொல்லியனுப்பறோமுங்க" என்று சொல்வது, திரும்பி வந்து சொல்லியனுப்பாமலே இருந்துவிடுவது. இதுதான் என் திட்டம்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில், சம்பந்தம் முடிவாகாமல் எங்கள் பக்கத்தில் கை நனைக்க மாட்டோம். அவர்கள் சோற்றில் கையை வைத்துவிட்டால் சரி என்று சொன்ன மாதிரி. அதற்கப்புறம் மாற்றிப் பேசுகிறவனை யாரும் மனிதனாக மதிக்க மாட்டார்கள். அத்தனை தூரம் மலையேறி வருகிறவர்களை அந்த வீட்டில் சாப்பிடாமல் விடுவார்களா? என் அக்கா வேறு போன் போட்டு, "எங்க வேணாலும் போ சாமி, கைய மட்டும் நனைச்சறாத" என்று எச்சரித்தாள். அதனால்தான் வீட்டுக்குப் போகாமல் பாதி வழியில், மறையூரில், ஒரு ஹோட்டலில் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தேன். ஹோட்டலில் சாப்பிட்டு, பில்லை நானே கொடுத்துவிட்டால் அது என் காசு, என் சோறு. கை நனைத்த கணக்கில் வராது. இந்த யோசனை தோன்றிய அன்று எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

காரில் உடுமலை தாண்டி, சின்னாறு செக்போஸ்ட்டும் தாண்டியபிறகு இதைச் செல்லாத்தாளிடம் விளக்கினேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே, "உங்க இஷ்டமுங்க" என்றாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சொன்ன தடவைகளில் ஒருமுறைகூட என் இஷ்டப்படி நடந்ததில்லை. அது அப்போது ஞாபகம் வரவில்லை.

அவர்கள் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து பஸ் பிடித்து எங்களுக்கு முன்பே வந்து, ஹோட்டல் வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். சுவக்கீன் என்னைவிட ஐந்தாறு வயது இளையவராக இருப்பார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. "வாங்க அண்ணாச்சி, வழியில சிரமம் ஒண்ணும் இல்லையே?" என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். அந்தம்மா சிரித்தார். அந்தப் பெண் டின்சி, சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் என் மகனைப் பார்த்தது. சித்திரபுரத்திலிருந்து நேராக வந்திருந்த மகன் தரையைப் பார்த்தான்.

ஆறு பேருக்கான மேசையில் உட்கார்ந்தோம். ஹோட்டலை நடத்துவது ஷீனா என்று ஒரு மலையாளத்துப் பெண். நாற்பது வயதிருக்கும். பரிமாறுவதும் அவர்தான், கல்லாவில் உட்காருவதும் அவர்தான். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. பேச்சுதான் இல்லை. "நெல்லு இந்தத் தடவ எப்படி அண்ணாச்சி?" "பரவால்லீங்க." "மழ உண்டா?" "இல்லீங்க." அவ்வளவுதான். அவர் கேட்பதற்கெல்லாம் ஒரு வார்த்தையில் பதில் சொல்லி முடித்தேன். சீக்கிரம் சாப்பிட்டால் சீக்கிரம் கிளம்பலாம்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஷீனா என் மகன் இலையில் இரண்டு பப்படமும் ஒரு மீன் வறுவலும் வைத்துவிட்டுப் போனார். செபமாலையம்மாள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எட்டி இரண்டையும் எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டு, மோர் கிளாஸை அவன் பக்கம் நகர்த்தினார். அவனும் மோரை எடுத்துக் குடித்தான். எனக்குச் சுருக்கென்றது. பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், என் மகன் இலையில் கை வைக்க இந்தம்மாவுக்கு யார் உரிமை கொடுத்தது? செல்லாத்தாளும் அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் செல்லாத்தாளும் செபமாலையம்மாளும் கை கழுவப் போனார்கள். ஹோட்டலின் பின்பக்கம் குழாய். கை கழுவ இவ்வளவு நேரமா என்று நான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். வந்தபோது செல்லாத்தாளின் கண் சிவந்திருந்தது. "என்ன?" என்றேன். "அடுப்புப் பொகைங்க" என்றாள். நாங்களும் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தோம். மணி ஒன்று பத்து.

"பில்லுங்க" என்றேன் ஷீனாவிடம்.

"இப்போ தராம் சேட்டா" என்று தலையாட்டினார்.

வரவில்லை.

ஐந்து நிமிடம் பொறுத்தேன். எனக்கு அதுவே பெரிய காரியம். மறுபடி கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், சிரித்தார், அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு ஒரு தினுசாக இருந்தது. கடைக்காரர்கள் காசு தரப் போகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது.

எங்களுக்குப் பின்னால் வந்த மதுரைக்காரக் குடும்பம் ஒன்று உட்கார்ந்தது, தின்றது, அவர்களுக்குச் சோம்புத் தட்டில் பில் வந்தது, கொடுத்தார்கள், போனார்கள். அப்புறம் ஜீப் டிரைவர்கள் நாலு பேர். அவர்களுக்கும் வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. இந்த ஊரில் எழுந்து போய்க் கல்லாவில்தான் கொடுக்க வேண்டுமோ என்று நினைத்தேன். அப்படியென்றால் டிரைவர்களுக்கு ஏன் மேசைக்கே வந்தது? சாப்பாட்டை ஏதாவது குறை சொன்னோமா? ஒன்றும் சொல்லவில்லையே.

நான் எழுந்தேன். சுவக்கீனும் கூடவே எழுந்தார். "எங்க அண்ணாச்சி போறீக? பில்லுன்னா நீங்க உக்காருங்க, நான் குடுக்கேன்."

"அதெல்லாம் ஆகாதுங்க. நாந்தான் குடுப்பேன்."

"எங்க ஊருப் பக்கம் வந்துட்டு நீங்க குடுக்கதா? நல்லாருக்குமா?"

"நல்லா இருக்குமுங்க. ரொம்ப நல்லா இருக்கும்" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் திகைத்துப் போய் உட்கார்ந்தார். அவர் எழுந்தால் எனக்கு முன்னால் கொடுத்துவிடுவார் என்ற பயத்தில் நானும் உட்கார்ந்தேன். அவர் கை சட்டைப் பைக்கு மேலேயே இருந்தது. என் கை என் பைக்கு மேலே இருந்தது. இப்படி இரண்டு பேரும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோமோ தெரியவில்லை.

செல்லாத்தாள் மட்டும் நிம்மதியாகச் செபமாலையம்மாளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தம்மா தாழ்ந்த குரலில் சொல்வதை அப்படியே விழுங்குகிற மாதிரி கேட்டாள். வரும்போது வழியெல்லாம் வாய் திறக்காதவள்.

சும்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? நான் வாயைத் திறந்தேன். உங்கள் பக்கம் காட்டுப்பன்றி உண்டா என்று கேட்டேன். தப்பான கேள்வி. சுவக்கீனுக்குக் காட்டுப்பன்றி விஷயத்தில் தெரியாததே இல்லை. எஸ்டேட்டில் லயத்துக்குப் பின்னால் கிழங்கும் பீன்ஸும் போட்டிருக்கிறாராம். பன்றி வருகிற தடத்தில் பழைய தகரத்தைக் கட்டித் தொங்கவிட்டு அது காற்றுக்கு ஆடுகிற மாதிரி வைக்க வேண்டுமாம். எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் என்று சோம்புத் தட்டை வைத்துக் காட்டினார். நானும் என் வரப்பின் வளைவை விரலால் மேசையில் கோடிழுத்துக் காட்டினேன். கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. சட்டென்று, நான் எதற்கு இந்த மனிதனோடு இப்படிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பில் வந்திருந்தால் இந்நேரம் சின்னாறு தாண்டியிருப்போம், இவரை எனக்குப் பிடித்தும் போயிருக்காது.

ஐநூறு ரூபாய்த் தாள்கள் மூன்றை எடுத்துத் தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்தேன். ஷீனா வந்தார். டம்ளரைத் தூக்கினார், பணத்தை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "வேண்டா சேட்டா. பில் வரட்டே."

"பில்லு எங்கிருந்துங்க வரணும்? கொச்சியிலிருந்தா?"

அவர் செல்லாத்தாளைப் பார்த்துவிட்டுப் போனார். காசை வேண்டாம் என்று திருப்பித் தருகிற கடையை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பையில் திரும்ப வைப்பதா, கையிலேயே வைத்திருப்பதா என்றுகூடத் தெரியவில்லை.

மணி இரண்டரை. ஹோட்டலைத் தாண்டி மூணாறு பஸ் ஒன்று போனது. டின்சி எழுந்துவிட்டது. சுவக்கீன் மேசைக்கு அடியில் கையைக் காட்டினார், அது மறுபடி உட்கார்ந்தது. பஸ் திருப்பத்தில் மறையும்வரை அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தது.

மகனிடம் குனிந்து, "என்னடா அது?" என்றேன்.

"அதுதானுங்கப்பா அவங்க பஸ்சு. இனி அஞ்சு மணிக்குத்தான். டின்சிக்கு சாயந்தரம் டூட்டி."

"அப்பறம் எதுக்குடா ஏறல?"

"ஒறம்பரை உக்காந்திருக்கும்போது அவங்க எப்படீங்கப்பா எந்திரிச்சுப் போவாங்க?"

"யாருடா ஒறம்பரை?"

"நீங்கதானுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஹோட்டலில் உட்கார்ந்திருக்கிற நான் எப்படி ஒருவருக்கு விருந்தாளியாக முடியும்? பில் வந்தால் நான் எழுவேன். நான் எழுந்தால் அவர்கள் எழுவார்கள். பில்லோ வருவதாக இல்லை. ஒரு காகிதத் துண்டுக்காக ஒரு பெண் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறது, அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை முனகவும் இல்லை. இவர்கள் பஸ்ஸை விட்டதற்கு நான்தான் காரணம் என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்கு உடனே கோபமும் வந்துவிடும்.

விறுவிறுவென்று கல்லாவுக்குப் போனேன். சுவக்கீன் எழுவதற்குள் போய்விட்டேன்.

"இங்க பாருங்கம்மா. மூணு தடவை கேட்டாச்சு. காசு வெச்சா திருப்பித் தர்றீங்க. சோறு போட்டீங்களா, இல்ல எங்களைச் செறையில வெச்சிருக்கறீங்களா? பில்லக் குடுங்க."

ஷீனா என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "பில்லுக்குப் பைசா கொடுத்தாச்சு சேட்டா. ஒரு மணிக்கூருக்கு மேல ஆயி."

"கொடுத்தாச்சா? யாரு?"

"ஆ பெண்குட்டியோட அம்மா." செபமாலையம்மாளைக் காட்டினார். "சேட்டன் கேட்டா, இப்ப வரும், இப்ப வரும்னு மட்டும் சொல்லச் சொன்னது ஈ சேச்சிதான்."

திரும்பினேன். எனக்குப் பின்னால் செல்லாத்தாள் நின்றுகொண்டிருந்தாள்.

அவளைப் பின்பக்கம் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இல்லை, அவள்தான் முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன். என் உள்ளங்கை வியர்த்துக் கையிலிருந்த நோட்டுகள் நனைந்திருந்தன.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கற நீ? அவங்க காசுல சோறு தின்னாச்சு. கை நனைச்சாச்சு. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சேவா?"

"அந்தம்மா பைசா எடுத்து நீட்டுனாங்க. 'எங்க பக்கம் வந்திருக்கீக, நாங்க குடுக்கோம் யக்கா'ன்னாங்க. குடுங்கன்னு சொன்னனுங்க. அவங்களுக்குக் கை நனைக்கற சேதியெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும்."

"அப்பறம் எதுக்கு எங்கிட்ட மறைச்ச? ஒன்றரை மணி நேரமா என்னைப் பைத்தியக்காரனாட்டம்..."

"சொல்லியிருந்தா காசை மேசையில விட்டெறிஞ்சுட்டுப் போயிருப்பீங்க. பில்லு வராம நீங்க எந்திரிக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியாதுங்களா? சித்த நேரம் அந்த மனுசங்களோட உக்காந்து பேசட்டும்னுதான் அந்தம்மாவையும் வாயைத் தொறக்க வேண்டாம்னுட்டனுங்க."

நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை.

"பையன் இலையில இருந்து பப்படத்தை எடுத்தாங்களே, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எனக்கும் உங்களாட்டம் கோவந்தான் வந்துது. கை களுவறப்போ கேட்டே போட்டேன். எம்பையன் திங்கறதை நீங்க எதுக்கு எடுத்தீங்கன்னு. அந்தம்மா பயந்து போச்சு. 'தம்பிக்கு எண்ணெ இன்னும் ஆகாதுல்லா யக்கா, டாக்டர் சொல்லியிருக்காருல்லா'ங்கறாங்க. எந்த டாக்டர்னேன். அப்பத்தான் எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டுச் சொல்றாங்க."

போன ஆடியில் என் மகனுக்கு மஞ்சள் காமாலை. லைன் வேலை இல்லை, ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவன் கரண்டு பார்க்கப் போகவில்லை, படுக்கப் போயிருக்கிறான். நாலு நாள் கழித்து, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்டில் வேலை பார்த்த டின்சி, ஆள் இருக்கிறது என்று சொல்லிக் கூட்டிப் போயிருக்கிறது. அந்த ஆள் அதன் அம்மா. காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால், கொட்டுகிற மழையில், பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லயத்திலிருந்து குவார்ட்டர்ஸ் வரைக்கும் நடந்து வந்து கஞ்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் மறுபடி. பிசைந்து ஊட்டவும் செய்திருக்கிறார். இருபத்தொரு நாள்.

"நம்மகிட்ட எதுக்கு அவன் சொல்லல?" என்றேன்.

"ரோடு இடிஞ்சு கெடந்துதுல்லீங்க அப்போ. சொன்னா நீங்க அந்த மழையிலயும் காரை எடுத்துட்டு வந்துருவீங்கன்னு சொல்லலையாமா." செல்லாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இருவத்தியொரு நாளு அந்த ஊட்டுச் சோத்தை எம்பையன் தின்னிருக்கறானுங்க. நாம இங்க ஓட்டல்ல வந்து கை நனைக்கமாட்டோம்னு உக்காந்திருக்கறோம். ஒரு வேளைச் சோத்துக்குப் பில்லு கேக்கறீங்களே, அந்த இருவத்தியொரு நாளுப் பில்லை யார்கிட்டப் போயிக் கேப்பீங்க?"

நான் குழாயைத் திறந்தேன். எதற்கென்று தெரியவில்லை. கை சுத்தமாகத்தான் இருந்தது. நோட்டுகளைப் பையில் திணித்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன். குரல் எழும்பாமல் பேசிய பிள்ளையை ஊடு வாசல் மறந்துருமாடா என்று திட்டியது ஞாபகம் வந்தது. அன்று அவன் பாயில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டிருப்பான். பக்கத்தில் அந்தம்மா கஞ்சிப் பாத்திரத்தோடு உட்கார்ந்து கேட்டிருப்பார். இவன் அப்பன் எப்பேர்ப்பட்டவன் என்று அப்போதே தெரிந்தும்தானே இன்றைக்கு வெயிலில் நின்று, வாங்க என்று கூப்பிட்டார்கள்.

ஒறம்பரைச் சனத்துக்கு என்ன சொல்வது? அக்காவுக்கு என்ன சொல்வது? கல்யாணத்தை எங்கே வைப்பது, கோயிலா, சர்ச்சா? ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரைக்கும் எல்லாவற்றுக்கும் தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மேசைக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

போய் உட்கார்ந்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்து என் மகன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பஸ்சு போனாப் போகுதுங்க. நம்ம கார்லயே போலாம். புள்ளையை டூட்டிக்கு நேரத்துக்குக் கொண்டுபோயி உட்டர்றேன்" என்றேன் சுவக்கீனிடம். டின்சி நிமிர்ந்து பார்த்தது. "அதுக்கு முந்தி ஒரு டீ குடிக்கலாமுங்க."

"குடிப்போம் அண்ணாச்சி, அதுக்கென்ன" என்றார் அவர்.

"ஷீனாம்மா, ஆறு டீ."

டீ வந்தது. டீயோடு, நான் கேட்காமலேயே, சோம்புத் தட்டில் பில்லும் வந்தது. ஒன்றரை மணி நேரம் தவம் கிடந்தும் வராத பில் இரண்டே நிமிடத்தில் வந்து என் முன்னால் உட்கார்ந்தது. ஷீனா நகராமல் அங்கேயே நின்றார். செல்லாத்தாள் டீயை ஆற்றுகிற சாக்கில் என்னையே பார்த்தாள்.

நான் தட்டை ஒரு விரலால் தள்ளினேன். மேசையைக் கடந்து சுவக்கீனின் டீ கிளாஸில் இடித்து நின்றது.

"இதை நீங்க குடுங்க" என்றேன். "நாங்க குடிக்கறோம்."

இத்தனை நேரம் காத்திருந்தது கைக்கு வந்த சந்தோஷத்தில் சுவக்கீன் அவசர அவசரமாகப் பையிலிருந்து நோட்டை எடுத்துத் தட்டில் வைத்தார். நான் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் பாதி குடித்தேன். நாக்கு சுட்டுவிட்டது. செல்லாத்தாளும் எடுத்துக் குடித்தாள். என் மகன் தன் கிளாஸைத் தொடவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

சுவக்கீன் பதறிப் போய் எழுந்தார். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டிலிருந்த பில்லைப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் அவன் முதுகில் கையை வைத்தார்.

"என்ன தம்பி இது? ஒரு டீக்கு நான் காசு குடுத்ததுக்குப் போயா இப்படி அழுவீக?"